ஆறாம் வகுப்பும் இரண்டு பாஷைகளும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரந்தான். காலை எட்டு மணிக்கு அந்தச் சாலையில் நின்றால் ஒரு விநோதம் புலப்படும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மஞ்சள் வண்டிகள் தெற்கே பறக்கும். ராஜபாளையத்துக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வேறு மஞ்சள் வண்டிகள் வடக்கே பறக்கும். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் இங்கிலீஷ் நன்றாக வரும் என்பது நம் ஜனங்களின் அசையாத நம்பிக்கை.

வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பது 'இங்கிலீஷ் மீடியம்'. வகுப்பறைக்குள் நடப்பதோ இரண்டு பாஷையும் கலந்த போதனை. இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று; மற்றப் பாடப் புஸ்தகங்கள் ஆங்கிலத்தில்; விளக்கம் தமிழில். ஆக, தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை பெயரில் எப்படியிருந்தாலும் நடப்பில் இரு பாஷைப் பள்ளிகளே.

இரு பாஷைப் பள்ளி புதிய சரக்கும் அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு 'ஆங்கிலோ-வெர்னாகுலர்' பள்ளி என்று பெயர். அதற்கும் முன்னால், 1823-ல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் ஒரு கலாசாலை தொடங்கினார்கள். அங்கே ஆங்கிலமும் கற்பித்தார்கள், தமிழும் கற்பித்தார்கள், ஒன்று மற்றொன்றுக்கு வேலைக்காரியாக இருக்கவில்லை. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியதும் அதன் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் அந்தக் கலாசாலையில் பயின்றவர்கள்தாம். அவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் ஓலைச் சுவடிகளைத் தேடி எடுத்து, 1887-ல் கலித்தொகையை அச்சேற்றினார். இங்கிலீஷ் படித்தால் தமிழ் போய்விடும் என்பவர்களும், தமிழ் படித்தால் இங்கிலீஷ் வராது என்பவர்களும் இந்தப் பெரியவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் இன்றைக்கு என்ன கஷ்டம்? கஷ்டம் ஆறாம் வகுப்பில் ஆரம்பமாகிறது. ஐந்தாவது வரையில் ஒரே ஆசிரியை. பாட்டு, கதை, படம். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவராக ஆசிரியர் வருகிறார். பின்னம், விசை, திசு, அரசியல் சாசனம் என்று கண்ணால் காணாத பொருள்கள் வரிசையாக வருகின்றன. தமிழில் ஐந்தாவது படித்து, வகுப்பிலே முதலாவதாக வந்த பெண்ணைப் பெற்றோர்கள் 'இனியாவது இங்கிலீஷ்' என்று கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அந்தப் பெண் முன்பெல்லாம் "ஏன் டீச்சர்?" என்று ஓயாமல் கேட்டவள். இப்போது அவள் வாயிலிருந்து வருவது "எஸ் மிஸ்", "நோ மிஸ்" என்ற இரண்டு வார்த்தைகள். அவள் அறிவு எங்கும் போய்விடவில்லை. கேள்வி கேட்கும் பாஷைதான் பறிபோயிற்று. அவள் அடங்கிவிட்டாள் என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள்!

கலப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாவரம் உணவு தயாரிக்கும் பாடம் பல வகுப்புகளில் இப்படித்தான் காதில் விழுகிறது: "பிளாண்ட் வந்து ஸன்லைட்டை அப்ஸார்ப் பண்ணி, வாட்டரையும் கார்பன் டை ஆக்ஸைடையும் யூஸ் பண்ணி, புட் ப்ரிப்பேர் பண்ணும்." பெயர்ச் சொல்லெல்லாம் இங்கிலீஷ், ஒட்டவைக்கும் பசை தமிழ். மாதம் முழுவதும் இதைக் கேட்கும் குழந்தை முழுமையான ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கேட்பதில்லை. முழுமையான ஒரு தமிழ் வாக்கியத்தையும் கேட்பதில்லை. பரீட்சையில் மட்டும் முழு ஆங்கில வாக்கியம் எழுதச் சொல்கிறோம். அவள் வேறென்ன செய்வாள்? கைடு புஸ்தகத்தை உருப்போடுகிறாள். இத்தனைக்கும் 'ஒளிச்சேர்க்கை' என்ற தமிழ்ச் சொல்லைப் பிரித்துக் காட்டினால் ஒளியும் சேர்க்கையும் கண் முன் நிற்கும். 'போட்டோஸிந்தஸிஸ்' என்ற சொல்லைப் பிரித்தாலும் கிரேக்கத்தில் அதே ஒளி, அதே சேர்க்கை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திறக்கலாம். இம்மாதிரிச் சொற்களைத் தமிழில் உண்டாக்குவதற்காக 1916-லேயே சேலத்தில் ராஜாஜி நண்பருடன் சேர்ந்து ஒரு சங்கம் கண்டார். அந்த உழைப்பின் பலனை நாம் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கில் எதிர் விகிதம் என்று ஒன்று உண்டு. ஆட்கள் அதிகமானால் நாட்கள் குறையும் என்ற கணக்கு. அதை ஆங்கிலத்தில் சூத்திரமாக எழுதிப் போட்டால் வகுப்பு திகைத்து உட்கார்ந்திருக்கும். ஆனால் ராஜபாளையமோ 1936-ல் பி. ஏ. ஸி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஸ்தாபித்தது முதல் நூலாலே வாழ்கிற ஊர். வகுப்பில் சிலருடைய தகப்பனாராவது மில்லில் இருப்பார். "நாற்பதாம் நம்பர் நூல் பருமனா, எண்பதாம் நம்பர் நூல் பருமனா?" என்று தமிழில் கேட்டால் போதும், கடைசி பெஞ்சு எழுந்து நிற்கும். 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிறுத்தால் அது நாற்பதாம் நம்பர். அதாவது பவுண்டுக்கு 33,600 கஜம். எண்பதாம் நம்பரானால் 67,200 கஜம். நம்பர் இரட்டித்தால் கஜத்தின் எடை பாதி. "நம்பர் கூடினா நூல் ஸன்னமாகும் சார்" என்று பையன் தன் வாயாலேயே சொல்லிவிட்ட பிறகு, அதே செய்தியை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதச் சொன்னால் எழுதுகிறான். தப்பும் தவறுமாக எழுதுவான். எழுதட்டுமே! அது அவன் எழுதிய வாக்கியம், திருத்திக் கொள்ளலாம்.

பிரிட்டனில் வேல்ஸ் தேசத்தார் இதையே ஒரு முறையாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக் குடியிருக்கும் பாஷை அவர்களுடையது. ஒரு பாஷையில் படித்து, மற்றொரு பாஷையில் எழுதுவது என்ற இந்தப் பயிற்சிக்கு 1994-ல் ஸென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் வேல்ஷ் பாஷையிலேயே பெயரும் சூட்டினார். அங்கே எப்போது எந்தப் பாஷை என்பதை ஆசிரியர் முன்கூட்டி யோசித்து வைத்துக்கொள்கிறார். நம் வகுப்புகளில் அது நாக்கின் போக்குக்கு விடப்பட்டிருக்கிறது.

ராஜபாளையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ராஜுக்களின் வீடுகளில் பேசுவது தெலுங்கு; தெருவில் தமிழ். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்துக்குத் தலைமை மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். அந்த வீட்டுக் குழந்தைக்குப் பள்ளியின் இரண்டு பாஷைகளுமே இரவல். ஆயினும் ஐந்து வயதுக்குள் இரண்டு பாஷைகளைப் பிசகில்லாமல் பிரித்துப் பேசக் கற்ற குழந்தை அது. அந்தச் சாமர்த்தியத்துக்குப் பள்ளியின் மார்க்குப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

பெற்றோர்களை நான் குறை கூறமாட்டேன். பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது, சோறு சம்பந்தப்பட்டது. போதனை மொழியைத் தனியார் பள்ளியின் மீது சர்க்கார் திணிக்க முடியாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் கால அளவை மட்டும் கவனியுங்கள். கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1981-ல் கண்டது இது: பேச்சு ஆங்கிலம் இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறது, பாடப் புஸ்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருஷம் பிடிக்கிறது. அங்கே கடை, தெரு, விளையாட்டு எல்லாம் ஆங்கிலம். நம் குழந்தைக்கோ பள்ளி வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் இல்லை. ஆறாவதில் தொடங்கினால் பத்தாவது பரீட்சைக்குள் இருப்பது ஐந்தே வருஷம். "அபார்ட்மெண்ட் குழந்தைகளோடு எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்!" என்று பெருமைப்படும் தாயார், அந்தப் பேச்சைக் கண்டு விஞ்ஞானப் பாடமும் புரிகிறது என்று எண்ணிவிடுவதற்கு இடமுண்டு.

ஜூன் மாதச் சேர்க்கைக்குப் போகிறவர்கள் கட்டடத்தையும் கம்ப்யூட்டரையும் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். ஏழாம் வகுப்பு விஞ்ஞான நோட்டுகள் இரண்டு மூன்றை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே பதில், ஒரே வார்த்தை, ஒரே கமா என்றிருந்தால் அது கரும்பலகையின் கையெழுத்து. பிள்ளைகள் தாமே எழுதிய வாக்கியங்களும், அவற்றின் மேல் ஆசிரியரின் சிவப்பு மையும் எங்கேயாவது தென்படுகின்றனவா என்று பாருங்கள். "என் பெண் சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாமா?" என்று தலைமை ஆசிரியரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். அபராதம் போடும் பள்ளியானால் மஞ்சள் வண்டிக் கட்டணமாவது மிச்சம்.