ஹைஃபை கடைகளின் க்ஷீணம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவரோ இருவரோ தம் சொந்த முதலைப் போட்டு நடத்திவந்த ஹைஃபை கடைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. நுட்பமான ஒலிக்கருவிகளை வைத்துக்கொண்டு, வந்தவரை உட்காரச் சொல்லி, பாட்டைப் போட்டுக் காட்டி விற்ற கடைகள் இவை. காரணம் என்னவென்று கேட்டால், காலம் மாறிவிட்டது, ஜனங்கள் கைபேசியிலேயே சங்கீதம் கேட்கிறார்கள், இனி இக்கடைகளுக்கு என்ன வேலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சமாதானம் பாதி உண்மை. மற்றப் பாதியை அது மறைக்கிறது. 2001-ல் ஐபாட் வெளிவருவதற்கு வெகுகாலம் முன்னரே இக்கடைகளின் அஸ்திவாரம் ஆட்டங்கண்டு விட்டது. கேட்கும் ஆசையும் மடிந்துவிடவில்லை. 2022-ல் அந்நாட்டில் சுமார் 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விலைபோயின. காம்பாக்ட் டிஸ்குகளோ சுமார் 3 கோடியே 30 லட்சந்தான். ஆகவே ரசனை அழிந்ததால் கடை அழிந்தது என்பது பொருந்தாது. அக்கடைகள் எந்தக் கணக்கின்மேல் நின்றனவோ அந்தக் கணக்குச் சிதைந்துபோயிற்று.

அந்தக் கணக்கு யாது? ஹைஃபை கடைக்காரர் இரண்டு பொருள்களை விற்றார். ஒன்று கருவி, அதற்கு விலையுண்டு. மற்றொன்று கேட்டுப்பார்க்கும் சந்தர்ப்பம். அதற்கு அவர் பில் எழுதுவதில்லை. வெளிச் சத்தம் புகாத தனி அறை, ஒரே பாட்டை இரண்டு மூன்று ஜோடி ஒலிபெருக்கிகளில் மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டும் பொறுமை, "உங்கள் வீட்டுக் கூடத்துக்கு இது அதிகம், இதைவிடச் சிறியதே போதும்" என்று சொல்லத் தெரிந்த ஆள் ஆகிய இவ்வளவு செலவையும் கருவியின் விலையிலிருந்தே எடுத்தாக வேண்டும். ஒருவர் இங்கே ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, அறையுமின்றி ஆளுமின்றிப் பெட்டியோடு விற்கும் அடுத்த தெருக் கடையில் குறைந்த விலைக்கு வாங்கிப் போனால், முதற் கடைக்காரர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் போட்டிக்காரருக்குத் தரகு வேலை பார்த்தவராகிறார்.

ஒரு காலத்தில் இதைத் தடுத்து நின்றது சட்டம். சில்லறை விலையை உற்பத்தியாளர் நிர்ணயித்துக் கட்டாயப்படுத்துவது செல்லாது என்று 1911-ல் டாக்டர் மைல்ஸ் மருந்துக் கம்பெனி வழக்கில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருந்தது. வியாபார மந்தம் சூழ்ந்த காலத்தில், 1931-ல் கலிபோர்னியாவும் பின்னர் பெரும்பாலான ராஜ்யங்களும் அத்தகைய ஏற்பாட்டை அனுமதித்துத் தனிச் சட்டங்கள் இயற்றின. 1937-ல் மில்லர்-டைடிங்ஸ் சட்டம் அவற்றுக்கு இடங்கொடுத்தது. ஹைஃபை வியாபாரம் முளைத்துத் தழைத்தது இந்த நிழலில்தான். பல ராஜ்யங்கள் நாளடைவில் கைவிட்ட அவ்வேற்பாட்டை 1975-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சபை அடியோடு ரத்து செய்தது. அது முழுத் தவறு என்று நாம் வாதிக்க வரவில்லை. யாரும் கேட்டுப்பார்க்க வேண்டியிராத பற்பசைக்கும் ஜனங்கள் அச்சட்டத்தால் கூடுதல் விலை கொடுத்தார்கள். ஆனால் பற்பசைக்கும் ஒலிபெருக்கிக்கும் சட்டம் காப்பு அளித்தபோதும் வேற்றுமை பாராட்டவில்லை; காப்பை எடுத்தபோதும் பாராட்டவில்லை.

பின்னர் நடந்ததை அறிய ஒரே ஒரு கடையின் சரித்திரம் போதும். 1966-ல் மினசோட்டா ராஜ்யத்தின் செயிண்ட் பால் நகரில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் 'சவுண்ட் ஆப் மியூசிக்' என்ற பெயரில் ஒரு ஹைஃபை கடை திறந்தார். மற்றக் கடைகளைப் போன்ற கடைதான். 1981-ல் ரோஸ்வில் என்ற ஊரிலிருந்த அதன் கிளையின் கூரையைச் சூறாவளி பிய்த்தெறிந்தது. உள்ளே இருந்த சரக்கில் பெரும்பகுதி தப்பிற்று. அதைத் திறந்தவெளியில் குவித்து, "சூறாவளி விற்பனை" என்று விளம்பரம் செய்து, மலிவாக விற்றார். கூட்டம் அலைமோதிற்று. அவர் பாடம் கற்றுக்கொண்டார். 1983-ல் கடைக்குப் 'பெஸ்ட் பை' என்று பெயர் மாறிற்று. 1989-ல் விற்பனையாளருக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் நின்று, சரக்கை அடுக்கிவைத்து வேண்டியவர் தாமே எடுத்துக்கொள்ளும் முறை வந்தது. 2000-ல் ஸியாட்டில் வட்டாரத்தில் பெயர்பெற்ற மக்னோலியா ஹைஃபை ஸ்தாபனத்தையே பெஸ்ட் பை விலைக்கு வாங்கிற்று. நாளடைவில் அப்பெயர் பெஸ்ட் பை கடைகளுக்குள் அமைந்த ஓர் அறையின் பெயராகச் சுருங்கிற்று. ஷுல்ஸைக் குறைகூறுவதற்கில்லை. பெயரில்லாத நாளில் தம் கருவியை ஊராருக்கு அறிமுகம் செய்துவைத்த சிறு கடைகளை, பெயர் வந்தபின் கைவிட்டுப் பெரிய கடைகளின் வாசலில் போய் நின்ற உற்பத்தியாளர்களைத்தான் நாம் குறைகூறுவோம்.

இன்னோர் அநீதி நீதிமன்றத்திலிருந்தே வந்தது. ஒரு ராஜ்யத்தில் கடையோ ஆளோ இல்லாத வியாபாரியை அந்த ராஜ்யத்தின் விற்பனை வரியை வசூலித்துக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று 1992-ல் குவில் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. தபால் வியாபாரத்தை நோக்கிக் கூறிய தீர்ப்பு, சில வருஷங்களில் இணைய வியாபாரத்துக்கு மானியமாயிற்று. வீதியில் கடை வைத்தவர் வரி சேர்த்து விற்க, கண்ணுக்குத் தெரியாதவர் வரியின்றி விற்றார். 2018-ல் வேஃபேர் வழக்கில்தான் இது மாறிற்று. இடையில் கழிந்தவை இருபத்தாறு வருஷங்கள்.

விசித்திரம் ஒன்றுண்டு. 2007 ஜூன் மாதம், லீஜின் என்ற தோற்பொருள் கம்பெனியின் வழக்கில், 1911-ம் வருஷத்துத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் மாற்றிற்று. விலை நிர்ணய ஏற்பாடு எப்போதும் சட்டவிரோதமாகிவிடாது, ஒவ்வொன்றையும் அதனதன் நியாயத்தைக் கொண்டு சீர்தூக்க வேண்டும் என்பது புதிய விதி. சேவை செய்யும் கடையின் செலவில் சேவை செய்யாத கடை பிழைக்கும் அக்கிரமத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். ஹைஃபை கடைக்காரர்கள் நெடுங்காலம் முறையிட்டது இதுவேயன்றோ! ஆனால் அதே ஜூன் மாதத்தில், 1972-ல் பாஸ்டனில் தோன்றிப் பல ஊர்களின் ஹைஃபை கடைகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்த டுவீட்டர் ஸ்தாபனம் திவால் மனுப் போட்டது. மறு வருஷம் அது மூடப்பட்டது.

சிறு கடை போனதால் நஷ்டம் வாங்குபவருக்கு மட்டுமன்று. புதிதாகக் கருவி செய்பவருக்கு நுழைவாயிலாக இருந்ததும் அதுவே. சில சமயங்களில் அக்கடையிலிருந்தே உற்பத்தியாளர் தோன்றினார். இங்கிலாந்தில் வொர்திங் ஊரில் ரேடியோக் கடை வைத்திருந்த ஜான் பவர்ஸ் 1966-ல் தொடங்கியதுதான் பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் ஒலிபெருக்கிக் கம்பெனி. அக்கம்பெனி 2016-லிருந்து அமெரிக்க ஸ்தாபனங்களிடையே கைமாறிக் கைமாறி, 2022-ல் வைத்தியக் கருவிகள் செய்யும் மாசிமோவின் வசமாகி, 2025-ல் ஹார்மன் கம்பெனியை அடைந்தது. ஹார்மனோ 2017 முதல் கொரிய தேசத்துச் சாம்ஸங்கின் உடைமை.

அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் தனிக் கடைகளிற் பல, செல்வர் வீட்டுச் சுவருக்குள் கம்பியிழுத்து, அறைதோறும் ஒலிபெருக்கி பதித்துக் கொடுத்துப் பிழைக்கின்றன. அந்த வேலைக்கு இவர்கள் தனியே பில் எழுதுகிறார்கள்.