கருவிகள் பெருகினால் போதுமா?

எரிமலை குமுறுவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், எத்தனையோ உயிர்கள் தப்பும்.

தென் அமெரிக்காவில் ஈக்குவடார் என்று ஒரு நாடு. அங்கே ரெவெண்டடோர் என்ற எரிமலை இருக்கிறது. 2002-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி அது பயங்கரமாக வெடித்தது. சுமார் 90 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள தலைநகரம் கீட்டோவிலும் சாம்பல் கொட்டியது.

2005-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த மலைக்குப் போனார்கள். 3 கிலோ மீட்டர் நீளத்துக்கு 16 சிறு கருவிகளை வைத்தார்கள். கம்பி கிடையாது. டார்ச் லைட் பாட்டரிதான் சக்தி. மலையின் அதிர்ச்சியையும், குமுறலையும் அவை கவனித்தன.

கைக்குக் கை

கூரையில் தீப்பிடித்தால் என்ன செய்கிறோம்? கிணற்றில் இருந்து வரிசையாக நின்று, குடத்தைக் கைமாற்றுகிறோம். இந்தக் கருவிகளும் அப்படித்தான். ஒன்று அனுப்பும் செய்தியை அடுத்தது வாங்கி, அதற்கடுத்ததற்குக் கொடுக்கும்.

ஆட்கள் குறைந்தால் கைக்குக் கை எட்டாது. அதிகமாகிவிட்டால் ஒருவரை ஒருவர் இடிப்பார்கள், குடம் விழும். கருவிகளை நெருக்கி வைத்தாலும் இதே கதிதான். ரேடியோ அலைகள் மோதிச் செய்தி கெடும். பாட்டரியும் வீணாகும்.

இன்னொன்று. எல்லாக் குடமும் கடைசி ஆளின் கைக்குத்தான் வரும். அவர் கைதான் முதலில் ஓயும்! செய்தி போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கருவிக்கும் அப்படியே.

எங்கே கோளாறு?

ரெவெண்டடோர் ஆராய்ச்சி 19 நாள் நடந்தது. மலை மேல் இருந்த கருவிகள் பெரும்பாலும் நன்றாக உழைத்தன. பெரிய தொல்லை எங்கே வந்தது தெரியுமா? கீழே, செய்திகளை வாங்கிச் சேர்க்கும் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில்! அங்கே மின்சாரம் நின்றது. உடனே எல்லாக் கருவிகளின் உழைப்பும் வீணாயிற்று. இன்னொரு முறை, கருவிகளை இயக்கும் "புரோகிராமில்" ஏற்பட்ட ஒரு தவறினால் 3 நாள் வேலை நின்றது.

16 கருவிகளுக்குப் பதில் 160 வைத்திருந்தாலும் இந்தக் கோளாறுகள் தீர்ந்திருக்குமா? தீர்ந்திராது.

வெள்ளம், காட்டுத் தீ, நிலச்சரிவு ஆகியவற்றுக்கும் இத்தகைய கருவிகள் வைக்கப்படுகின்றன. நல்ல காரியம். ஆனால், "இத்தனை கருவிகள் வைத்தோம்" என்று சொல்லிப் பெருமைப்பட்டால் போதாது.

ஒரு கருவி கெட்டால் செய்தி போக மாற்று வழி உண்டா? செய்தி வந்து சேரும் இடத்தில் இரவும் பகலும் மின்சாரம் உண்டா? அதைப் பார்க்க ஆள் உண்டா?

முதலில் இதைக் கேட்க வேண்டும். எண்ணிக்கையைப் பிறகு கேட்கலாம்.

வீடு வந்து சேராத தண்ணீர் தீயை அணைக்காது!