கூப்பன் வாங்காதீங்க, மகமை வையுங்க!



தீபாவளி, பொங்கல் நெருங்கினாலே ஆபீஸ்ல ஒரு கூப்பன் புத்தகம் சுத்த ஆரம்பிக்கும். "மாற்றுத்திறனாளி குழந்தைகள் இல்லத்துக்கு நிதி. கூப்பன் 100 ரூபாய். முதல் பரிசு கார், ரெண்டாவது பைக், அப்புறம் தங்கக் காசு." கொண்டு வர்றவர் நம்ம டீம்ல இருக்கிறவர்தான். வேண்டாம்னு சொன்னா கல்நெஞ்சக்காரன்னு நினைப்பாங்களோனு ஒரு தயக்கம். விழுந்தா கார், விழலைன்னா புண்ணியம், போனா நூறு ரூபாய்தானேனு ஜிபே பண்ணிடறோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்தக் கூப்பனை வாங்காதீங்க. அந்த நூறு ரூபாயை நேரா அந்த இல்லத்துக்கே கொடுங்க. ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

நூறு ரூபாய் எங்கே போகுது?

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். 20,000 கூப்பன், மொத்த வசூல் 20 லட்சம். கார் 8 லட்சம், பைக்கும் தங்கக் காசும் சேர்த்து 2 லட்சம். அச்சடிப்பு, விளம்பரம், விற்கிறவங்க கமிஷன், குலுக்கல் நாள் செலவு எல்லாம் ஒரு 3 லட்சம். மிச்சம் 5 லட்சம்னு வேணா சொல்லலாம், ஆனா அது எல்லாக் கூப்பனும் வித்திருந்தா வர்ற 7 லட்சத்துல, 2,000 கூப்பன் விக்காம திரும்பி வந்த பிறகு. நீங்க கொடுத்த நூறுல குழந்தைங்களுக்குப் போறது முப்பதுக்கும் குறைவு. மீதி கார் கம்பெனிக்கும் அச்சகத்துக்கும் போகுது. கூப்பன் பாதிதான் வித்துச்சுன்னா? கார் ஏற்கனவே வாங்கியாச்சு, அதனால நஷ்டம் இல்லத்து தலையில விழும்.

சரி, உங்களுக்கே கார் விழுந்துடுச்சுனு வைங்க. லாட்டரி, குலுக்கல் பரிசுக்கு 30 சதவீத வரி, அதுமேல 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். அடிப்படை வரிவிலக்கு வரம்பு இதுக்குக் கிடையாது. பரிசு பொருளா இருந்தா, சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே வரி கட்டப்பட்டதை உறுதி செய்யணும்னு சட்டம் சொல்லுது. 8 லட்சம் காருக்கு 2,40,000 ரூபாய் முதல்ல எடுத்து வைக்கணும். செஸ் 9,600 ரிட்டர்ன் போடும்போது. மாசம் 40,000 சம்பளம் வாங்குற தம்பிக்கு, இலவசமா விழுந்த காருக்கு ஆறு மாசச் சம்பளம் போயிடும்!

சட்டம் என்ன சொல்லுது?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1998ம் வருஷத்து லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவங்களுக்கு அதிர்ஷ்டத்தின் அடிப்படையில் பரிசு கொடுக்கிற எந்தத் திட்டத்தையும், அது எந்தப் பேர்ல இருந்தாலும், லாட்டரினுதான் பார்க்குது. கூப்பன்னு பேர் மாத்தினா போதாது. லாட்டரி நடத்துற உரிமை மாநில அரசுகளுக்கு மட்டும்தான். நம்ம தமிழ்நாட்டுல 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனைக்கே தடை. ஆக, நல்ல மனசோட கூப்பன் அடிக்கிற டிரஸ்ட் தன்னையே சிக்கல்ல மாட்டிக்குது. நாளைக்கு ஒரு புகார் போச்சுனா, பாதிப்பு அங்க இருக்கிற குழந்தைங்களுக்கு.

இன்னொன்னு, யார் கொடுத்தாங்கனு பேர், முகவரி பதிவு இல்லாத நன்கொடை ஒரு அளவைத் தாண்டினா, அதுக்கு டிரஸ்ட் 30 சதவீத வரி கட்ட வேண்டி வரும். கூப்பன் அடிக்கட்டையில "ரமேஷ், அக்கவுண்ட்ஸ்"னு எழுதினது மட்டும் பதிவாகாது.

அரசே நடத்தினா சரியா?

இந்தக் கேள்வி நியாயமானது. ஏன்னா நம்ம அரசே நடத்திருக்கு. அண்ணா முதல்வரா இருந்தப்போ 1968ல தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ங்கிறது அந்தக் காலத்து விளம்பர வாசகம். இன்னிக்கு ஆபீஸ்ல சொல்ற "விழலைன்னா புண்ணியம்" அதோட பேரன்தான்.

பக்கத்துல கேரளாவுல 1967ல அரசு லாட்டரித் துறை தொடங்கி, 1968 ஜனவரி 26ல முதல் குலுக்கல் நடந்தது. டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. 2011ல நிதியமைச்சர் கே.எம். மாணி காலத்துல 'காருண்யா'னு ஒரு லாட்டரி வந்தது. அதோட வருமானத்தை வெச்சு புற்றுநோய், சிறுநீரகம், இதயம், ஹீமோபிலியா மாதிரி சிகிச்சைக்கு ஏழைகளுக்கு உதவுறதுக்காக ஒரு நிதி உருவாச்சு. அதனால உயிர் பிழைச்ச குடும்பங்கள் உண்டு, அதை நான் மறுக்கல. ஜெர்மனியில தாலிடோமைடு மருந்தால குறைபாட்டோட குழந்தைகள் பிறந்த துயரத்துக்குப் பிறகு 1964ல தொடங்கின நிதி இயக்கம், இன்னிக்கு 'ஆக்ட்சியோன் மென்ஷ்'ங்கிற பேர்ல லாட்டரி நடத்தி மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுது. டிக்கெட் பணத்துல குறைஞ்சது 30 சதவீதம் சமூகத் திட்டங்களுக்கு. அங்கேயும் அது வெளிப்படையா அறிவிச்சு, கணக்குக் காட்டி நடக்குற விஷயம். ஆபீஸ் கூப்பன்ல அந்த எண்ணை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

ஆனா அரசு லாட்டரியிலயும் எனக்கு உறுத்துற கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தப் பணத்தைக் கொடுக்கிறது யாரு? பெரிய சம்பளக்காரர் டிக்கெட் வாங்கறதில்லை. தினக்கூலி வாங்கி வீட்டுக்குப் போற வழியில வாங்குறவர்தான் அதிகம். போதாக்குறைக்கு லாட்டரிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லிருந்து 40 சதவீதம். ஒரு ஏழையோட நப்பாசையை வெச்சு இன்னொரு ஏழைக்கு வைத்தியம் பார்க்கிறது தர்மம்னு என்னால ஒத்துக்க முடியல.

டிக்கெட் விற்கிறவங்க?

இதுதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான பாயிண்ட். கேரளாவுல கைவண்டியிலயும் மூணு சக்கர ஸ்கூட்டர்லயும் டிக்கெட் விற்கிற மாற்றுத்திறனாளிகளைப் பார்த்திருப்பீங்க. நம்ம ஊர் பேருந்து நிலையங்களிலும் 2003க்கு முன்னாடி அப்படி இருந்தாங்க. தடை வந்த அன்னிக்கு அவங்க பிழைப்பும் போச்சு. ஸ்பெயின்ல 'ஓன்சே'ங்கிற பார்வையற்றோர் அமைப்பு 1939லிருந்து லாட்டரி நடத்துது. விற்கிறவங்க அதோட ஊழியர்கள், மாசச் சம்பளம் உண்டு.

கவனிங்க, அங்க அவங்களுக்குக் கிடைச்சது வேலை. நம்ம கூப்பன்ல அவங்களுக்குக் கிடைக்கிறது போஸ்டர்ல ஒரு படம். உங்க கம்பெனி நிஜமாவே உதவ நினைச்சா, ஒரு மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுக்கச் சொல்லி எச்ஆர்கிட்ட கேளுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில 4 சதவீத ஒதுக்கீடு கொடுக்குது. தனியார்ல அது நம்ம கையிலதான் இருக்கு.

செட்டிநாட்டுப் பேரேடு சொல்ற வழி

நான் வலையபட்டிக்காரன். எங்க பக்கம் வட்டிக்கடை, வியாபாரம் பண்ணின பெரியவங்க பேரேட்டுல 'மகமை'னு ஒரு பற்றுவரவு இருக்கும். வியாபாரத்துல இவ்வளவுக்கு இவ்வளவுனு கோயிலுக்கும் தர்மத்துக்கும் எழுதி வைக்கிற தொகை. மனசுல இரக்கம் வந்தப்போ மட்டும் போடுறது இல்லை, யாராவது வந்து கேட்டாத்தான் கொடுக்கிறதும் இல்லை. வியாபாரத்தோட சேர்ந்தே எழுதப்படற கணக்கு. நம்ம பாஷையில சொன்னா, தர்மத்துக்கு ஒரு எஸ்ஐபி!

ஒரு இல்லத்துக்கு என்ன தேவைனு யோசிங்க. பிசியோதெரபிஸ்ட் சம்பளம், சிறப்பு ஆசிரியர் சம்பளம், டயப்பர், மருந்து, வேன் டீசல். எல்லாமே மாசா மாசம் வர்ற செலவு. அதுக்கு வருஷத்துல ஒரு நாள் குலுக்கல் சரிப்படாது. மாசா மாசம் வரவு வேணும்.

40,000 சம்பளத்துல ஒரு சதவீதம் 400 ரூபாய். உங்க ஆபீஸ்ல 50 பேர் சேர்ந்தா மாசம் 20,000, வருஷம் 2,40,000. பரிசுச் செலவு கிடையாது, கமிஷன் கிடையாது. முக்கியமா, அடுத்த மாசமும் வரும்னு நம்பி அந்த இல்லம் ஒருத்தரை வேலைக்கு வைக்க முடியும்.

கொடுக்கிறதுக்கு முன்னாடி நாலே விஷயம் பாருங்க:

1. டிரஸ்டுக்கு 12ஏபி, 80ஜி பதிவு இருக்கா? பதிவு நம்பரைக் கேளுங்க. நல்ல டிரஸ்ட் தயங்காமக் கொடுக்கும்.

2. பணம் டிரஸ்ட் பேர்ல இருக்கிற வங்கிக் கணக்குக்குப் போகுதா? தனிநபர் யூபிஐக்குப் போகவே கூடாது. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா 80ஜி கிடையாது.

3. போன வருஷத்து ஆடிட் செய்த கணக்கைக் காட்டச் சொல்லுங்க. வரவுல எவ்வளவு நேரா குழந்தைகளுக்குச் செலவாச்சுனு பாருங்க.

4. முடிஞ்சா ஒரு சனிக்கிழமை நேர்ல போய்ட்டு வாங்க. செல்ஃபி வேண்டாம்.

வரிச்சலுகை பத்தி ஒரு வார்த்தை. பழைய வரிமுறையில இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி டிரஸ்டுக்குக் கொடுத்ததுல பொதுவா பாதித் தொகைக்கு 80ஜி கழிவு கிடைக்கும், 10பிஇ சான்றிதழ் வாங்கி வைங்க. புது வரிமுறைனா 80ஜி கிடையாது, உங்கள்ல பலபேர் அதுலதான் இருக்கீங்க. அதனால கொடுக்காம விட்டுடாதீங்க. வரி மிச்சமும் இல்லாம, காரும் விழாதுன்னு தெரிஞ்சே கொடுக்கிறதுதான் சுத்தமான தர்மம்.

அடுத்த தடவை கூப்பன் புத்தகம் உங்க டேபிளுக்கு வந்தா, கொண்டு வந்தவர் மனசு நோகாம இப்படிச் சொல்லுங்க: "அண்ணே, கூப்பன் வேண்டாம். இல்லத்தோட அக்கவுண்ட் நம்பர் கொடுங்க, மாசா மாசம் போடறேன்." அவர் நல்ல எண்ணத்தோட வந்தவர்னா சந்தோஷமாக் கொடுப்பார். நம்பர் வரலைன்னா, அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.