ஹாக்வார்ட்ஸுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?

ஜே. கே. ரவுலிங்கின் ஏழு ஹாரி பாட்டர் நாவல்களில் (1997–2007) வரும் ஹாக்வார்ட்ஸ், ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவே இருக்கும் ஏழாண்டு உறைவிடப் பள்ளி. பதினொரு வயதில் சேரும் பிள்ளைகளுக்கு ஏழு பாடங்கள் கட்டாயம்: மாயக் கஷாயம், மூலிகையியல், மந்திரப் பிரயோகம், உருமாற்றம், வானியல், மந்திர வரலாறு, தீய மந்திரத் தற்காப்பு. மூன்றாம் ஆண்டில் ஆரூடம், எண்சோதிடம், பண்டைய ரூன் எழுத்து, மகுள் இயல், மாய விலங்குப் பராமரிப்பு ஆகிய ஐந்தில் குறைந்தது இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒரு பொதுத்தேர்வு, ஏழாம் ஆண்டு முடிவில் இன்னொன்று. பிரிட்டனின் ஓ லெவல், ஏ லெவல் தேர்வுகளின் சாயல் இவற்றில் அப்படியே தெரிகிறது. ஓ லெவலை இங்கிலாந்து 1988-இல் கைவிட்டது. இலங்கை மாணவர்கள் இன்றும் ஓ.எல்., ஏ.எல். என்றே எழுதிக்கொண்டிருப்பதால், ஹாக்வார்ட்ஸின் தேர்வு முறை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

அந்த உலகத்தில் பல்கலைக்கழகம் கிடையாது. பள்ளி முடிந்ததும் மந்திர அமைச்சகம், செயின்ட் மங்கோ மருத்துவமனை, கிரிங்காட்ஸ் வங்கி என்று நேராக வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ போய்விடுகிறார்கள். ஹாக்வார்ட்ஸ் பாடத்தையும் கல்லூரிப் பட்டத்தையும் பொருத்திப் பார்க்கும் வேலை, ஆகவே, முழுக்க வாசகர்களுடையது. ஜாதகப் பொருத்தம் போல இதிலும் பெயர்ப் பொருத்தம் பார்த்துத் திருப்தி அடைபவர்களே அதிகம். மாணவர் வகுப்பில் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்தால் பல ஜோடிகள் மாறிவிடும்.

மாயக் கஷாயத்தை வேதியியலுடன் சேர்ப்பது வழக்கம். கொப்பரை, புகை, கண்ணாடிக் குப்பிகள் எல்லாம் சேர்ந்து செய்யும் மயக்கம் அது. அதை நடத்தும் ஸ்னேப்பின் வகுப்பில் எந்த மாணவரும் ஒரு சமன்பாடு எழுதுவதில்லை. நறுக்குவது, இடிப்பது, இடவலமாகவும் வலஇடமாகவும் எண்ணிக் கிளறுவது, எந்தச் சரக்கு எப்போது விழ வேண்டும் என்று கவனிப்பது, இவைதான் வேலை. ஆறாம் நாவலில் ஹாரிக்குக் கிடைக்கும் பழைய பாடப்புத்தகத்தின் ஓரக்குறிப்புகள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. அவரையை நறுக்காமல் வெள்ளிக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் நசுக்கினால் சாறு அதிகம் வரும், ஏழு முறை ஒருபுறம் கிளறியபின் ஒருமுறை எதிர்ப்புறம் கிளற வேண்டும் என்பவை ஒரு கெட்டிக்காரப் பையன் செய்துபார்த்துக் கண்ட திருத்தங்கள். மருந்தாக்கவியல் மாணவர் மாத்திரையின் நுண்மையையும் கரைதிறனையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதும் இதே புத்திதான். இந்தப் பாடத்துக்கு வேதியியலைவிட பி.ஃபார்ம். பொருந்தும்.

அதைவிடவும் பொருந்துவது சித்த மருத்துவப் பட்டப்படிப்பில் வரும் குணபாடம். முதல் வகுப்பில் ஸ்னேப் ஹாரியிடம் கேட்கும் மூன்று கேள்விகளும் சரக்குகளைப் பற்றியவை. ஒன்றில் இரண்டு பெயர்களைச் சொல்லி வித்தியாசம் கேட்கிறார். இரண்டும் அகோனைட் என்ற ஒரே செடி என்பதுதான் விடை. அந்தப் பேரினத்தைச் சேர்ந்த இமயமலைச் செடி ஒன்றின் கிழங்குதான் தமிழ் மருத்துவத்தில் வசநாபி. கொடிய நஞ்சு என்பதால் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. இன்னொரு கேள்வி பெசோவார் பற்றியது. ஆட்டின் வயிற்றில் உருவாகும் கல் அது, நஞ்சுக்கு மாற்று என்று நம்பப்பட்டது. பெயரே பாரசீகத்தில் ‘நஞ்சுமுறி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே அதைச் சோதித்துப் பார்த்தார். திருட்டுக்காகத் தூக்குக் கயிற்றை எதிர்நோக்கியிருந்த ஒரு சமையல்காரர், நஞ்சும் கல்லும் சாப்பிட ஒப்புக்கொண்டு, சில மணி நேரம் துடித்து இறந்தார். நாவலில் அதே கல் ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லியைக் காப்பாற்றிவிடுகிறது. மாட்டின் பித்தக்கல்லான கோரோசனையும் இதே குடும்பத்து நம்பிக்கையில் வளர்ந்த சரக்குதான்.

மூலிகையியலுக்குத் தாவரவியல் என்று எழுதிவிட்டுக் கடந்துபோகலாம். ஸ்பிரவுட்டின் வகுப்பு நடப்பதோ பசுமைக்குடிலில், உரமும் கையுறையுமாக, தொட்டி மாற்றி நடுவதில் கழிகிறது. தோட்டக்கலைக் கல்லூரி அதற்கு நெருக்கம். இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் காதை மூடிக்கொண்டு பிடுங்கும் மாண்ட்ரேக் கற்பனைச் செடி அல்ல. மத்தியதரைக்கடல் நாடுகளில் வளர்வது, கத்தரி, ஊமத்தை குடும்பத்தைச் சேர்ந்தது. மனித உருவில் கிளைத்த அதன் வேரைப் பிடுங்கினால் அலறும், கேட்டவர் இறப்பார் என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டு நம்பினார்கள். அலறல் பொய்யானாலும் மருந்துக் குணம் பொய்யல்ல. இந்தக் குடும்பத்துச் செடிகளிலிருந்து வரும் அட்ரோபின்தான் பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் முதன்மையான மாற்று மருந்துகளில் ஒன்று. கல்லாய்ச் சமைந்தவர்களை மாண்ட்ரேக் கஷாயம் எழுப்புவதாக ரவுலிங் எழுதியதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

மந்திரப் பிரயோகத்தைப் பலர் இயற்பியலில் சேர்க்கிறார்கள், இறகு மேலே பறக்கிறதே என்று. இறகு ஏன் பறக்கிறது என்று ஃபிளிட்விக்கின் வகுப்பில் யாரும் கேட்பதில்லை. சொல் சரியாக இருக்க வேண்டும், அசை சரியாக நீள வேண்டும், கைவீச்சு சரியாக இருக்க வேண்டும். பாருஃபியோ என்ற மந்திரவாதி ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னதால் மார்பின்மேல் எருமையோடு தரையில் கிடந்த கதையை ஃபிளிட்விக் எச்சரிக்கையாகச் சொல்கிறார். இது கணினி நிரலாக்க வகுப்பில் சொல்ல வேண்டிய கதை. வெள்ளிக் கோளுக்குப் புறப்பட்ட மாரினர் 1 விண்கலம் 1962 ஜூலை 22 அன்று ஐந்து நிமிடத்துக்குள் தடம் மாறி அழிக்கப்பட்டது. வழிநடத்தும் சமன்பாட்டில் எழுத்துக்குமேல் இருக்க வேண்டிய ஒரு கோடு விடுபட்டது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எருமை விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உருமாற்றம் சற்றுச் சிக்கலானது. மெக்கோனகல் முதல் வகுப்பில் தீக்குச்சியை ஊசியாக்கச் சொல்கிறார். தீக்குச்சி பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், ஊசி இரும்பு. தனிமமே மாற வேண்டும் என்பதால் வேதியியலால் இது முடியாது, அணுக்கரு இயற்பியலிடம்தான் போக வேண்டும். ரூதர்ஃபோர்டு 1919-இல் நைட்ரஜனை ஆக்ஸிஜனாக்கிய சோதனையை வெளியிட்டார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் 1980-இல் கிளென் சீபோர்கின் குழு பிஸ்மத் அணுக்கள் சில ஆயிரத்தைத் தங்கமாக்கியது. செலவைப் பார்த்தால் நகைக்கடைக்குப் போவதே லாபம். அன்றாட அளவில் உருமாற்றத்துக்கு ஈடு பொருளறிவியல் பட்டம். உணவைச் சூனியத்திலிருந்து வரவழைக்க முடியாது என்ற கேம்ப் விதியை, ஏழாம் நாவலில் பசித்த கூடாரத்துக்குள் ஹாரியின் தோழி ஹெர்மயனி விளக்குகிறாள். இருப்பதைப் பெருக்கலாம், மாற்றலாம், இருக்குமிடம் தெரிந்தால் அழைக்கலாம். எல்லை எது என்று அறிந்து வேலை செய்வது இந்தத் துறையின் முதல் பாடம்.

வானியலுக்கு ஜோடி தேட வேண்டியதில்லை. நள்ளிரவு, கோபுர உச்சி, தொலைநோக்கி, வியாழனின் நிலவுகள். ஹாக்வார்ட்ஸில் மந்திரமே இல்லாத பாடம் இதுதான்.

ஆரூடத்துக்குப் பொருந்தும் பட்டம் உளவியல். டிரெலானியின் வகுப்பில் தேயிலைக் கசடும் பளிங்கு உருண்டையும் எதையும் காட்டுவதில்லை. மாணவர்கள் வீட்டுப்பாடத்தில் இஷ்டத்துக்கு விபத்துகளை எழுதி நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். பொதுவாகச் சொன்ன வார்த்தையைக் கேட்பவர் தனக்கென்றே எடுத்துக்கொள்வது எப்படி என்பதை அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் வகுப்பிலேயே செய்துகாட்டினார். 39 மாணவர்களுக்கும் ஒரே குணவிளக்கத்தை, தனித்தனியாகக் கணித்தது போலக் கொடுத்தார். பெரும்பகுதி கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 4.26. டிரெலானியின் இரண்டு வாக்குகள் மெய்யானவை என்பது கதைக்கு மிக முக்கியம். அவற்றைச் சொன்னது அவருக்கே நினைவில்லை என்பதால் பாடத்திட்டத்துக்குப் பயனில்லை.

எண்சோதிடத்தை ஹெர்மயனி விரும்பிப் படிக்கிறாள் என்பதால் அது கணிதமாகத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள். எண்களை வைத்து வருவதை உரைப்பது அந்தப் பாடம். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும் தமிழ்த் திரையுலகத்துக்கு விளக்கம் தேவைப்படாது. எண்ணால் எதிர்காலம் சொல்லி அது பெரும்பாலும் பலிக்கும் துறை, காப்பீட்டுக் கணிப்பியல். வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693-இல் ஆயுள் அட்டவணை வெளியிட்டார். எந்த வயதுக்காரருக்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று ஊரளவில் சொல்ல முடிந்தது, தனி மனிதருக்குச் சொல்ல முடியவில்லை. அந்த அடக்கமே அதை ஆரூடத்திலிருந்து பிரிக்கிறது.

ரூன் எழுத்து நிஜமான எழுத்து. வடக்கு ஐரோப்பாவில் வழங்கிய அதன் மூத்த வரிசையில் 24 குறிகள். மரத்தில் செதுக்கியதால் நார்வாக்கில் போகும் கிடைக்கோடுகள் தவிர்க்கப்பட்டு எல்லாமே நெட்டும் சாய்வுமாக இருக்கின்றன. ஓலையில் கீறிய தமிழ் எழுத்துகள் வளைந்ததற்கு நேரெதிர். பொதுத்தேர்வு முடிந்து வரும் ஹெர்மயனி, எஹ்வாஸ், எய்ஹ்வாஸ் என்ற இரண்டைக் குழப்பிவிட்டதாகப் புலம்புகிறாள். இரண்டும் உண்மையான ரூன் பெயர்கள்தாம், முதலாவது குதிரை, அடுத்தது யூ மரம். ஒரு குறி மாறினால் பொருளே கவிழும் என்ற அவளுடைய பயம் கல்வெட்டியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் உண்டு. மொழியியலும் கல்வெட்டியலும் சேர்ந்த முதுகலை அவளுக்குச் சரியாக இருந்திருக்கும்.

மந்திரமற்றவர்களைப் பற்றிய மகுள் இயல் மானிடவியலின் நகல், அதன் குறையும் சேர்த்து. பேச வேண்டியவர்கள் வகுப்புக்கு வெளியே இருக்க, அவர்களைப் பற்றி மற்றவர்கள் படிக்கிறார்கள். மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோபிரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கிக் கற்றபின் மானிடவியலில் களப்பணி வேரூன்றியது. ஹாக்வார்ட்ஸ் அந்த இடத்துக்கு வரவேயில்லை. மின்செருகிகளைச் சேர்த்துவைக்கும் ரானின் தந்தை ஆர்தர் வீஸ்லி அன்பான மனிதர், பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றாதவர். ஏழாம் நாவலில் ஆட்சி மாறியதும் இதே பாடம் கட்டாயமாக்கப்பட்டு, மகுள்கள் விலங்குக்குச் சமம் என்று கற்பிக்கிறது. இனவாதத்துக்குத் துணைபோன காலம் மானிடவியலுக்கும் இருந்தது.

விலங்குப் பராமரிப்புக்குக் கால்நடை மருத்துவம் என்பதில் சர்ச்சை இல்லை. பாதி கழுகும் பாதி குதிரையுமான ஹிப்போகிரிஃபின் முன் குனிந்து வணங்கி, அது பதிலுக்கு வணங்கும்வரை கிட்டே போகாதே என்ற ஹாக்ரிடின் முதல் பாடத்தை யானைப் பாகர் எவரும் ஏற்பார். தீ கக்கும் ஸ்க்ரூட்டை இரண்டு ஆபத்தான இனங்களைக் கலந்து அவர் உருவாக்கிய விதத்தை எந்த ஆய்வு நெறிக்குழுவும் ஏற்காது.

தற்காப்புப் பாடத்துக்கு ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் என்பதால் ஆண்டுக்கு ஒரு பட்டமும் பொருந்துகிறது. மூடி என்ற ஆசிரியரின் வேடத்தில் வந்தவர் கையிலெடுத்தபோது அது இணையப் பாதுகாப்பு: தாக்கும் முறையைக் காட்டிவிட்டுத்தான் தடுக்கும் முறையைச் சொல்கிறார். லூபின் பூட்டிய அலமாரிக்குள் ஒரு பூச்சாண்டியை வைத்துப் பழக்கியபோது நோய் எதிர்ப்பியல். தடுப்பூசியும் அடக்கிய பகையைத்தான் முதலில் காட்டுகிறது. அம்பிரிட்ஜ் மந்திரக்கோலைத் தொடாமல் புத்தகத்தை மட்டும் வாசிக்கச் சொன்னபோது, செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் ஆய்வகம் திறக்கும் கல்லூரி எதுவாகவும் அது இருக்கலாம்.

மந்திர வரலாற்றை நடத்தும் பின்ஸ் ஓர் ஆவி. இறந்த மறுநாள் உடலை நாற்காலியில் விட்டுவிட்டு வகுப்புக்கு வந்தவர். பூதக் கலகங்களின் ஆண்டுகளை அவர் ஒப்பிக்க, வகுப்பு தூங்குகிறது. கலகம் ஏன் நடந்தது என்பதற்கான விடை அவருடைய வகுப்பில் கிடைக்காமல், கடைசி நாவலில் ரானின் அண்ணன் பில் வீஸ்லியின் வாயிலாக வருகிறது. ஒரு பொருளைச் செய்த பூதமே அதன் நிரந்தர உடைமையாளர், விலை கொடுத்தவர் ஆயுட்கால வாடகைக்காரர், அவர் இறந்தால் பொருள் திரும்ப வேண்டும் என்பது பூதர்களின் நியாயம். படைப்பை விற்றபின்னும் படைத்தவரிடம் சில உரிமைகள் எஞ்சும் என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பகுதியோடு இதை வைத்துப் படிக்கலாம். வரலாறும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு இதற்குத் தகும். ஹாக்வார்ட்ஸில் சட்டம் தனிப்பாடமாக இல்லாததால், பக்பீக் என்ற ஹிப்போகிரிஃபின் வழக்குக்கு ஹெர்மயனியும் ரானும் நூலகத்தில் தாங்களாகவே முன்தீர்ப்புகளைத் தேடுகிறார்கள்.

இலக்கியம், பொருளியல், வணிகவியல், ஓவியம் எதற்கும் அங்கே வகுப்பில்லை. மருத்துவம் சேர விரும்புகிறவருக்கு வழி தெளிவு: செயின்ட் மங்கோவில் குணமாக்குநராகக் கஷாயம், மூலிகை, உருமாற்றம், பிரயோகம், தற்காப்பு ஐந்திலும் இறுதித் தேர்வில் உயர்தரம் வேண்டும். தனி நுழைவுத் தேர்வு பற்றிப் பேச்சில்லை.

ஆறாம் ஆண்டில் நடக்கும், ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றும் இடம்பெயர் பயிற்சிக்குப் பட்டப்படிப்பு எதையும் தேட வேண்டாம். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு காலியன் கட்டணம், உரிமம் பெறப் பதினேழு வயது. பிரிட்டனில் கார் ஓட்டுவதற்கும் அதே வயதுதான். ரான் முதல் முறை தேறவில்லை. பாதிப் புருவத்தைப் புறப்பட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.