மதுரையில் எழுதியது, மலையாளக் கரையில் அச்சானது

பழைய ஆங்கில அச்சுப் புத்தகங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். 1475 முதல் 1640 வரை இங்கிலாந்தில் அச்சானவற்றுக்கு 1926-லேயே பெரிய அட்டவணை போட்டுவிட்டார்கள். 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் 200 பிரதிகளுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. எந்தப் பிரதி யார் கைமாறி எங்கே வந்தது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஷேக்ஸ்பியர் 14 வயதுப் பையனாக இருந்தபோது, 1578 அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சாகிவிட்டது. மொத்தம் 16 பக்கம். அதைப் பார்க்க இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும்.

போர்ச்சுகீசியரான அண்ட்ரிக் அடிகளார் பெயரில் அந்த நூல் நிற்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கொடுத்த பணத்தில்தான் அச்சுவேலை நடந்தது. கோவாவில் 1577-இல் வெட்டிய எழுத்து திருப்தி தராமல், கொல்லத்தில் மறுபடி வெட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு எழுத்துக்கும் மாதிரி உண்டு.

அதன் படத்தை மதுரை கோச்சடையில் எங்கள் தெருவில் இருக்கும் பழைய கம்பாசிட்டர் அண்ணன் ஒருவரிடம் செல்போனில் காட்டினேன். ஈய எழுத்துக் கோத்தே காலம் தள்ளியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன தம்பி, மெய்யெழுத்துல புள்ளியவே காணோம்?"

"ஓலையில புள்ளி வைக்கிற வழக்கம் இல்லண்ணே. அதப் பாத்து அப்படியே வெட்டிட்டாங்க."

"அப்ப கேஸ்ல பதினெட்டு அறை மிச்சம்னு சொல்லு!"

எ, ஏ வித்தியாசமும் கிடையாது, ஒ, ஓ வித்தியாசமும் கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். கோக்கிறவனுக்கு லாபம், படிக்கிறவன் பாடுதான் திண்டாட்டம் என்றார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நான் படித்ததைவிட அவர் சொன்னது சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது.

சங்கம் வளர்த்த ஊர் என்று மார்தட்டுகிற மதுரைக்கு இந்த ஆரம்பகால அச்சுக் கதையில் விசித்திரமான இடம். எழுதியவர்கள் இங்கே இருந்தார்கள். அச்சுக்கூடம் இங்கே இல்லை. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, உரைநடையில் எழுதிக் குவித்தார். எல்லாம் ஓலையில். 1656-இல் அவர் மயிலாப்பூரில் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான், திருச்சூர்ப் பக்கத்து அம்பலக்காட்டில் அவர் எழுத்து அச்சேறியது. காவி உடுத்தி, 'நான் பரங்கி அல்ல' என்று ஊருக்குச் சொல்லி வாழ்ந்த மனிதர் அவர். அச்சு அப்போது பரங்கிச் சரக்கு. தன் நூல் ஓலையில் இருப்பதே மதுரையில் தனக்கு மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

மதுரை மிஷனில் இருந்த அந்தாவோ தெ ப்ரோயென்சாவின் கதை இன்னும் பரிதாபம். 16,000-க்கும் மேற்பட்ட சொற்களுடன் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி தொகுத்தார். 1666-இல் இறந்துபோனார். அகராதி அம்பலக்காட்டில் அச்சானது 1679-இல். "ஆசிரியர் செத்து பதிமூணு வருசம் கழிச்சா? புரூஃப் யாரு பாத்தது?" என்று அண்ணன் கேட்டார். அவர் கவலை அவருக்கு.

அந்த அகராதியின் பிரதி ஒன்றை தனிநாயகம் அடிகள் 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1966-இல் கோலாலம்பூரிலிருந்து அதை வெளியிட்டார். அதே ஆண்டு அங்கே நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு நமக்கு நினைவிருக்கிறது. இந்த அகராதி நினைவில்லை. 'முதல் அச்சு', 'முதல் அகராதி' என்று பட்டம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவதில் நாம் கெட்டிக்காரர்கள். புரட்டிப் பார்ப்பது வேறு வேலை.

1966 பதிப்பு பழைய பக்கங்களைப் படமெடுத்துப் போட்டதுதான். ஆகவே புள்ளியில்லாத அந்த எழுத்தோடு மல்லுக்கட்டித்தான் படிக்க வேண்டும். யாராவது புள்ளி வைத்து, குறில் நெடில் பிரித்து, தமிழ்ச் சொற்களை மட்டுமாவது சுத்தமாகக் கோத்துக் கொடுத்தால், 17-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்து ஜனங்கள் புழங்கிய பேச்சில் எவ்வளவு கோச்சடை டீக்கடையில் இன்னும் மிச்சமிருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம்.