பெட்டிக்குப் பூட்டு! பட்டறைக்குப் பட்டினி!

இரும்புலியூரைக் கடந்து பெருங்களத்தூர் நோக்கிச் செல்லும் தோழர்கள், சாலையோரத்துப் பட்டறைகளைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டுகிறோம். டயர் தேயாத லாரி நிற்கும். சேசிஸ் வளையாத லாரி நிற்கும். தொட்டியிலே டீசல் இருக்கும். ஓட்டுவதற்கு ஆள் உண்டு; ஏற்றுவதற்குச் சரக்கு உண்டு; செல்வதற்குச் சாலை உண்டு. ஆனாலும் லாரி நகராது! ஏன்? பிஸ்டன் உடைந்ததா? இல்லை. கிளட்ச் எரிந்ததா? இல்லை. ஒரு புத்தகத்தின் அளவேயுள்ள அலுமினியப் பெட்டி, "முடியாது" என்று சொல்லிவிட்டது. பத்து டன் சுமக்கும் பாரவண்டி, அந்தப் பெட்டியின் முன்னே கைகட்டி நிற்கிறது. லாரியோடு சேர்ந்து நிற்பது யார்? ஓட்டுநர், கிளீனர், அவர்களை நம்பியிருக்கும் வீடுகள்!

அந்தப் பெட்டிக்குப் பட்டறையிலே வழங்கும் பெயர் ஈ.சி.எம். எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் அது. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, ஓட்டுநர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார், தண்ணீர் எவ்வளவு சூடு, காற்றின் அழுத்தம் என்ன என்று சென்சார்கள் ஓயாமல் செய்தி அனுப்பும். அத்தனையும் கேட்டு, எந்த நொடியில் எந்த இன்ஜெக்டர் திறக்கவேண்டும், எத்தனை துளி டீசல் போகவேண்டும் என்று பெட்டி ஆணையிடும். லாரி டயரிலே இருக்கும் காற்று ஏறத்தாழ 8 பார் அழுத்தம். காமன் ரயில் குழாயிலே இருக்கும் டீசலோ 1,600 பாரையும் எட்டும்! இருநூறு டயர்களின் அழுத்தத்தை ஒரு குழாய்க்குள் அடக்கி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் திறந்து மூடுகிற வித்தை அது.

முன்பு அந்த வேலையைச் செய்தது பம்பு. எஞ்சினே சுற்றிவிடும் பல்சக்கர பம்பு. பழுதென்றால் பிரித்துப் பார்க்கலாம், கையால் தொட்டுப் பார்க்கலாம், காதால் கேட்டே நோய் சொல்லும் ஃபிட்டர்கள் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1995இல் ஜப்பானில் ஒரு லாரியிலே காமன் ரயில் முறை வந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பி.எஸ். 4 விதி வந்தது. 2017 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் அது வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. ஒவ்வொரு விதியும் புகையைக் குறைத்தது. ஒவ்வொரு விதியும் பெட்டியின் அதிகாரத்தைப் பெருக்கியது.

இதனால் நாம் கம்ப்யூட்டருக்குப் பகைவர் என்று எவரேனும் எண்ணினால், எண்ணத்தை மாற்றிக்கொள்க! ஜி.எஸ்.டி. சாலையின் புகையை நாள்தோறும் விழுங்குவது யார்? குளிரூட்டிய காரிலே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகும் கனவானா? அல்ல. பேருந்துக்குக் காத்து நிற்கும் பாட்டாளி. பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் தாய். புகை குறைந்தால் முதலில் மூச்சு விடுபவர்கள் நம்மவர்களே. ஆகவே பெட்டி வரட்டும். பெட்டிக்குப் போட்ட பூட்டைத்தான் வேண்டாம் என்கிறோம்.

பூட்டு என்றால் என்ன பூட்டு? நாம் அறிந்த இரண்டு லாரிகளின் கதையைக் கூறுகிறோம்.

முதல் லாரி, ஓட்டுநரே உரிமையாளராக உள்ள வண்டி. மண்ணிவாக்கம் அருகே திடீரென்று நின்றது. ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்துக்கு இழுத்துச் சென்றார்கள். ஸ்கேனரைச் செருகினார்கள், திரையைப் பார்த்தார்கள், தீர்ப்பு வழங்கினார்கள்.

"பெட்டி போய்விட்டது. புதிது போடவேண்டும்."

"விலை என்னங்க?"

சொன்ன விலை மூன்று மாதத் தவணையை விழுங்கும் விலை!

"பழையதைப் பிரித்துப் பார்க்க முடியாதா?"

"அதற்கு இங்கே வழியில்லை."

வண்டியைத் திரும்ப இழுத்து வந்தார் நண்பர். பட்டறையிலே ஒரு பழைய எலக்ட்ரீஷியன். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், பகுத்தறிவை இழக்காதவர். "அண்ணே, பெட்டியைப் பழிக்கிறதுக்கு முன்னே பெட்டிக்குச் சோறு போகுதான்னு பார்ப்போம்" என்றார். பேட்டரியின் வோல்ட் பார்த்தார். பியூஸ் பார்த்தார், ரிலே பார்த்தார், எர்த் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு சென்சார்களுக்குப் பெட்டி அனுப்பும் 5 வோல்ட்டை அளந்தார். இல்லை! ஒவ்வொரு சென்சாராகக் கப்ளரைக் கழற்றி வந்தார். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தது. அந்தச் சென்சாரின் வயர், இரும்பிலே உராய்ந்து உராய்ந்து தோல் கிழிந்து, பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரே வயர் மின்சாரத்தைத் தரையிலே கொட்டியதால், பெட்டி குருடாகிக் கிடந்தது. டேப் சுற்றினார், வயரைத் தூக்கிக் கட்டினார், சாவியைத் திருப்பினார். லாரி முழங்கிற்று!

திரை சொன்னது தீர்ப்பு. எலக்ட்ரீஷியன் செய்தது விசாரணை. விசாரணை இல்லாத தீர்ப்பு எவ்வளவு பெரிய அநீதி என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது லாரி, முடிச்சூரில் நின்ற லாரி. 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர் மறந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மீண்டும் வந்தது வெள்ளம். வடிந்த பிறகு வண்டி ஓடிற்று, உரிமையாளர் மகிழ்ந்தார். ஆனால் கப்ளருக்குள்ளே புகுந்த நீர் செம்பைப் பச்சையாய் அரித்துக்கொண்டே இருந்தது. சில மாதங்களில் பெட்டி உண்மையாகவே மாண்டது. நம் எலக்ட்ரீஷியனும் சோதித்துவிட்டு, "இது போயிடுச்சு அண்ணே" என்று கைவிரித்தார்.

புதுப்பேட்டைக்குப் போனார்கள். அதே மாடல், அதே பார்ட் நம்பர், கழற்றிய பழைய பெட்டி கிடைத்தது. விலையும் கைக்கு எட்டியது. நான்கு போல்ட்டில் மாட்டினார்கள், கப்ளரைப் பூட்டினார்கள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை!

ஏன்? உருவம் ஒன்று, உள்ளே எழுத்து வேறு. எந்தச் சேசிஸ், எத்தனை குதிரைத்திறன், எந்தப் பதிப்பு மென்பொருள் என்பதெல்லாம் பெட்டிக்குள் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் பிறக்கும்போதே சிறு வேற்றுமையுடன் பிறக்கிறது. அதற்கான திருத்தக் குறியையும் பெட்டிக்குச் சொல்லவேண்டும். சில வண்டிகளில் சாவியின் இரகசியக் குறியும் பொருந்தவேண்டும். பழைய பெட்டியின் எழுத்தைப் படித்துப் புதிய பெட்டியிலே எழுதிவிட்டால் லாரி ஓடும். எழுதும் கருவி எங்கே? கம்பெனியிடம். எழுதும் உரிமை யாருக்கு? கம்பெனிக்கு. கையேடு எங்கே? கம்பெனியின் அலமாரியில்!

லாரியை வாங்கியவர் அவர். தவணை கட்டுபவர் அவர். சாலை வரி செலுத்துபவர் அவர். ஆனால் தம் வண்டியின் மூளையிலே ஒரு வரி எழுத அவருக்கு உரிமை இல்லையாம்! வீட்டை விற்றுவிட்டு, பூசை அறைச் சாவியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன் என்று எவனாவது சொன்னால் ஏற்பீர்களா?

படிக்காதே, தொடாதே, உனக்கேன் இந்த அறிவு என்ற குரலைத் தமிழ்நாடு நன்கறியும். அந்தக் குரல் இன்று ஓலைச்சுவடியிலிருந்து இறங்கி, சிலிக்கான் சில்லிலே ஏறி அமர்ந்திருக்கிறது.

"பூட்டைத் திறந்தால் திருடர் நுழைவார்கள், மாசுக் கட்டுப்பாட்டைக் கெடுப்பார்கள்" என்கிறது மறுதரப்பு. அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று கூறமாட்டோம். புகைக் கருவியைப் பெட்டியின் கண்ணிலிருந்து மறைத்துத் தரும் கைவேலைக்காரர்கள் உண்டு. அதனை நாம் கண்டிக்கிறோம். அப்படிச் செய்யும் தோழர் தம் பிள்ளையின் நுரையீரலை விற்றுக் காசு பார்க்கிறார். ஆனால் 2015இல் அமெரிக்காவில் அகப்பட்டது யார்? சாலையோர ஃபிட்டரா? வோக்ஸ்வாகன் கம்பெனி! சோதனைக் கூடத்திலே ஒரு வேடம், சாலையிலே வேறு வேடம் போடும்படி பெட்டிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த வண்டிகள், உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம்! பூட்டியிருந்ததால் அல்லவோ பொய் பல ஆண்டு மறைந்திருந்தது? மூடிய பெட்டி நேர்மைக்குச் சான்றாகிவிடாது.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவின் மாசசூசெட்சில், வண்டியைப் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2012இல் மக்கள் வாக்குச்சீட்டைத் தூக்கினார்கள். பெரும் வெற்றி பெற்றார்கள். கனரக வண்டிகளுக்கென 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் செய்த விதி, பழுதுநீக்கும் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. இங்கே? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகத்தையும் சோதனைக் கருவியையும் தனிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்த குற்றத்துக்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24இல் இணையதளம் ஒன்றையும் திறந்தது. திறந்ததற்கு நன்றி. ஆனால் இணையதளத்தைத் திறப்பது வேறு; பெட்டியைத் திறப்பது வேறு!

ஆகவே நாம் கேட்கிறோம். கையேட்டையும் ஸ்கேனர் மென்பொருளையும் நியாய விலையில், பதிவு பெற்ற பட்டறைகளுக்கு விற்கச் சட்டம் செய்க! யார் எழுதினார், எந்த வண்டியில் எழுதினார் என்று பதிவு வைத்துக்கொள்க, திருட்டுக்கு அஞ்சவேண்டியதில்லை. கையேடு தமிழிலே வரட்டும். நோயின் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லும் மருத்துவன் யாருக்கு மருத்துவன்? குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. 1949இல் தோன்றியபோதே, ஆட்டோமொபைலையும் எலக்ட்ரானிக்சையும் ஒரே வளாகத்தில் கற்பித்தது. அந்த மதிலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் கிரீசுக் கையோடு நிற்கும் ஃபிட்டருக்கு மாலை நேர வகுப்பு ஒன்று கூடாதா? கிண்டி தொழிற்பயிற்சி நிலையத்தில் ஞாயிறுதோறும் ஒரு பாடம் கூடாதா?

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்கவும் வேண்டாம். தோழர்களே, நீங்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. லாரியிலே வெல்டிங் வைக்குமுன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், ஈ.சி.எம். கப்ளரையும் எடுத்துவிடுங்கள். ஒரு நொடி வெல்டிங், ஓராண்டுச் சேமிப்பை எரிக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு உடனே சாவி போடாதீர்கள். கப்ளர்களைக் கழற்றி உலர்த்துங்கள். பெட்டியின் மேலுள்ள லேபிளையும், இன்ஜெக்டர் தலையிலுள்ள குறிகளையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். பழைய பெட்டியை இரும்புக் கடைக்கு எடைபோட்டுவிடாதீர்கள். மாண்ட பெட்டிக்குள்ளும் உங்கள் வண்டியின் எழுத்து உயிரோடு இருக்கலாம். "பெட்டி போச்சு" என்று எவர் சொன்னாலும், "எதை அளந்து சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

கேள்வி கேட்பவனை ஏய்க்க முடியாது. அறிந்தவனை அடிமையாக்க முடியாது. லாரியை உருவாக்கியவன் தொழிலாளி, ஓட்டுபவன் தொழிலாளி, பழுது நீக்குபவனும் தொழிலாளி. நடுவிலே பூட்டைப் போட்டுச் சாவியைப் பையிலே வைத்திருப்பவன் மட்டும் வேறொருவன்!

சாவி கைமாறட்டும். சக்கரம் சுழலட்டும்!