மலையில் குற்றவாளி யார்?

மலை ஜனங்களைப் பற்றிய செய்தி என்றால் முதலாளிப் பத்திரிகைகளிடம் இரண்டே சரக்குதான் உண்டு. ஒன்று கோடை விழா, மலர்க் கண்காட்சி. இன்னொன்று கடத்தல், கொலை, கொள்ளை. முதலாவதைப் படித்துவிட்டு வசதி படைத்தவர்கள் கொடைக்கானலுக்குக் கார் ஏறுகிறார்கள். இரண்டாவதை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து நாம் படிக்கிறோம். படித்துவிட்டு, “காட்டு ஜனங்கள் அப்படித்தான், கட்டை கடத்திப் பிழைக்கிறவர்கள்” என்று நம்மவர்களே சிலர் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போகிறார்கள். வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து மில் தோழர்களும், நிலக்கோட்டை, ஆத்தூர்ப் பக்கம் கூலிக்குப் போகும் விவசாயத் தொழிலாளர்களும் இந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். குற்றம் நடந்தது என்பது உண்மை. ஆனால் செய்தவன் யார்?

தர்மபுரி ஜில்லா அரூர் தாலுகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு சிறு கிராமம். மலையாளி என்னும் பழங்குடி ஜனங்கள் வாழும் ஊர். கொஞ்சம் நிலம், ஆடு மாடு, அதுவும் போதாத நாளில் கூலி வேலை. 1992 ஜூன் 20 அன்று காட்டு இலாகா, போலீஸ், ரெவின்யூ இலாகா ஆட்கள் பெரும் படையாக அந்த ஊருக்குள் புகுந்தார்கள். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்றார்கள். ஆண்களில் பெரும்பாலோர் பயந்து மலைக்கு ஓடிவிட்டார்கள். அகப்பட்டவர்களையெல்லாம் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்து நொறுக்கினார்கள். பிறகு கட்டை ஒளித்து வைத்த இடத்தைக் காட்டு என்று சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் ஓட்டிச் சென்று பலாத்காரம் செய்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகிற வயதுச் சிறுமியும் உண்டு. அன்றிரவு அரூர் காட்டு இலாகா ஆபீஸில் அடைத்து வைத்து அவமானப்படுத்தினார்கள். பிறகு கைக்குழந்தைக்காரிகள் உள்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களை “கடத்தல்காரர்கள்” என்று சொல்லி சேலம் ஜெயிலில் தள்ளினார்கள்.

அதோடு விட்டார்களா? ஆளில்லாத ஊருக்கு மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். வீடுகளை இடித்தார்கள். பண்டபாத்திரங்களை உடைத்தார்கள். தானியத்தைக் கொட்டிப் பாழாக்கினார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்று, மிச்சத்தைக் குடிதண்ணீர்க் கிணற்றில் போட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதையல்ல இது. சுதந்திரம் வந்து 45 வருஷம் ஆன பிறகு, சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள், சர்க்கார் ஜீப்பில் வந்து செய்தது.

அந்தச் சந்தனக் கட்டை விஷயத்தைக் கொஞ்சம் பார்ப்போம். மரத்தை வெட்டிச் சுமந்தவன் ஒரு நாள் கூலி வாங்கினான். லாரி யாருடையது? செக்போஸ்ட்டைத் தாண்டி அது எப்படிப் போனது? பணம் யார் பெட்டியில் விழுந்தது? காட்டுக்குள் ஒரு சுள்ளி பொறுக்கினால் கேஸ் போடுகிற காட்டு இலாகாவின் கண்ணில் லாரி மட்டும் படாமல் போகுமா? இதை நாம் மட்டும் கேட்கவில்லை. உண்மையான பெரிய கடத்தல்காரர்களையும் அவர்களுக்குப் பின்னால் இருந்த பெரிய மனிதர்களையும் காப்பாற்றத்தான் இந்த ஏழை ஜனங்கள் பலியிடப்பட்டார்கள் என்று சென்னை ஹைகோர்ட்டே பின்னால் தீர்ப்பில் சொல்லிவிட்டது.

ஆனால் அந்தத் தீர்ப்பு சும்மா வந்துவிடவில்லை. 1992 ஜூலையில் மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் பெ.சண்முகம் முதலானோர் அந்த ஊருக்குள் போனபோது, அது பேய் ஊராகக் கிடந்தது. விஷயம் வெளியே வந்ததும் அன்றைய அ.தி.மு.க. சர்க்கார், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதித்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த தோழர் ஏ.நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட்டுக்குப் போ என்றது. பொறுப்புள்ள உத்தியோகஸ்தர்கள் இப்படியெல்லாம் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது ஆரம்பத்தில் அங்கே கிடைத்த பதில்! உத்தியோகஸ்தன் சொன்னால் சாட்சி, கூலிக்காரி சொன்னால் கதை. நமது மில் கேட்டில் நடக்கிற விசாரணையும் இதே தராசில்தானே நிறுக்கப்படுகிறது? தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசியக் கமிஷனின் அதிகாரி நேரில் போய்ப் பார்த்துக் கொடுத்த ரிப்போர்ட் இல்லாவிட்டால், கேஸ் அங்கேயே செத்திருக்கும். கடைசியில் 1995-ல் தான் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு கிடைத்தது.

குற்றப் பத்திரிகையில் 269 பேர். காட்டு இலாகா 155, போலீஸ் 108, ரெவின்யூ 6. வாய்தா மேல் வாய்தா. கூலிக்காரனுக்கு வாய்தா என்றால் என்ன என்று நமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அன்றைய கூலி போச்சு, பஸ் சார்ஜ் போச்சு, கோர்ட் வராந்தாவில் எதிராளியின் முறைப்பு வேறு. பணம் தருகிறோம், ராஜியாகப் போ என்று ஆள் விடுவார்கள். மிரட்டவும் ஆள் விடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்கள் நின்றார்கள். “இவன்தான்” என்று கையை நீட்டிச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தார் பேச்சுக்குப் பயந்து வாய் மூடி இருந்துவிடலாம் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கும், தோன்றாமலிருந்தால்தான் அதிசயம். அப்படியும் சொன்னார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புக் கூறியது. அதற்குள் குற்றவாளிகளில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். விடுதலையானவர் ஒருவர்கூட இல்லை. பலாத்காரக் குற்றத்துக்காக 12 பேருக்குப் பத்து வருஷம், 5 பேருக்கு ஏழு வருஷம். உடனே அப்பீல். இன்னும் 12 வருஷம். ஹைகோர்ட் நீதிபதி 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, செப்டம்பர் 29 அன்று அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்ச ரூபாய், அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும், வேலை தர வேண்டும், குற்றவாளிகளைக் காப்பாற்றிய அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, ஜில்லா வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு. ஆக மொத்தம் 31 வருஷம். கோர்ட்டில் நியாயம் கிடைத்தது என்று கைதட்டுகிறவர்கள் இந்த 31-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சங்கமும் ஒரு கட்சியும் அந்த 31 வருஷமும் வக்கீலைத் தேடி, சாட்சிகளோடு நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“தர்மபுரி எங்கே, திண்டுக்கல் எங்கே?” என்று கேட்கலாம். சரி, ஊரிலிருந்தே நிமிர்ந்து பாருங்கள். ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் பழனி மலைத்தொடர். கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் பாக்டரி இருந்தது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்ததைப் பெயர்த்து வந்து 1983-ல் பாண்ட்ஸ் கம்பெனி இங்கே வைத்தது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001-ல் முஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் டன் கணக்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கிடப்பதை ஜனங்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் கண்டுபிடித்தார்கள். பாக்டரி மூடப்பட்டது. பாதரசத்தைக் கையால் தொட்டு வேலை பார்த்த தொழிலாளிகள் தெருவில் நின்று போராடினார்கள். 591 பேருக்குப் பணம் தருவதாகக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது 2016-ல். தொழிலாளிகளின் நோய்க்கும் பாக்டரிக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் அப்போதும் அதன் வாதம். வாச்சாத்திக்கு ஜீப் ஜீப்பாகப் போன போலீஸ், இந்தக் கம்பெனியின் பங்களாவுக்கு ஒரு ராத்திரியாவது அப்படிப் போனதா? கட்டை சுமந்தவன் குற்றவாளி, மலையில் விஷத்தைக் கொட்டினவன் தொழிலதிபர்!

அதே மலையில் பளியர் ஜனங்கள் தேனும் கிழங்கும் எடுத்த காட்டிலேயே, 1882-ஆம் வருஷத்து வனச் சட்டத்தின்படி அத்துமீறி நுழைந்தவர்களாக நடத்தப்பட்டார்கள். வெள்ளகவி போன்ற ஊர்களில் பிரசவ வலி எடுத்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடந்த தலைமுறைகள் எத்தனை! 2006-ல் இடதுசாரிகளின் நிர்ப்பந்தத்தோடு பார்லிமெண்டில் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் கோர்ட் தடை காரணமாக 2016 வரை பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது. தடை நீங்கிய பிறகும், தகுதியுள்ளவன் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. பட்டா இல்லாதவனை எந்த ராத்திரியும் காட்டு இலாகா வெளியே தள்ளலாம். வாச்சாத்திக்கு விதை அங்கேதான் இருக்கிறது.

நமது மில் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. சூப்பர்வைசரின் அட்டகாசத்தைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மானம் போகும் என்ற நிலை இந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. 2021 ஜனவரியில் இந்த வட்டாரத்து ஆயத்த ஆடை மில் தொழிலாளியான ஓர் இளம் பெண் கொலையுண்டாள். அதற்குப் பின் நடந்த போராட்டத்தின் பயனாக 2022 ஏப்ரலில் “திண்டுக்கல் ஒப்பந்தம்” கையெழுத்தானது. மில்லுக்குள் பெண்கள் பயமின்றிப் புகார் சொல்ல வழி பிறந்தது. மலைக்காரிகள் 18 பேர் கோர்ட்டில் கை நீட்டியதும், மில்காரிகள் சங்கம் வைத்து ஒப்பந்தம் வாங்கியதும் வேறு வேறு கதையல்ல.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். வன உரிமைப் பட்டா மனுவோடு மலையிலிருந்து ஜனங்கள் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸுக்கு இறங்கி வரும் நாளில் அவர்களைத் தனியே உட்கார விடாதீர்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் நேரே அங்கே வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மனு எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்காமல் அவர்களைத் திரும்பிப் போக விடாதீர்கள்.